மெக்கானிக்கைக் கண்டால் மட்டும் கிளம்பும் வண்டி

அவருக்குச் சுருக்கம் என்றால் ஆகாது. சோபா, மெத்தை, கார் சீட், பல் மருத்துவரின் சாய்வு நாற்காலி என்று மனிதர்கள் உட்காருகிற எதற்கும் உறை தைப்பது அவர் தொழில். ரெக்சினை இழுத்துப் பிடித்து, வரிசையாக ஆணி அடித்து முடித்ததும் உள்ளங்கையால் ஒரு தடவு தடவிப் பார்ப்பார். எங்காவது ஒரு மடிப்பு கைக்குத் தட்டுப்பட்டால் போச்சு, அத்தனை ஆணியையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். அவர் தைத்த சோபாவில் உட்கார வந்த ஈ ஒன்று வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டதாகத் தெருவில் பேச்சு உண்டு. நம்பாதவர்கள் அந்த ஈயையே கேட்டுக்கொள்ளலாம். இன்னும் நொண்டிக்கொண்டுதான் பறக்கிறது.

ஒருவருக்குப் பிடிக்காததையே அவருக்குப் பெயராக வைப்பதில் நம் ஜனங்களுக்கு இருக்கிற சுகமே தனி. "சுருக்கம் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் வாடிக்கையாளர்கள் வருவார்கள். வந்தவர்களிடம் அவர் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுவார்.

வீட்டின் முன்னறைதான் கடை. நடுவில் ஒரு இரும்பு அலமாரி. அதற்கு இந்தப் பக்கம் அவருடைய கனத்த தையல் மெஷின், ரெக்சின் சுருள்கள், உடைத்த ரொட்டி போல அடுக்கிய ஸ்பாஞ்சுத் துண்டுகள். அந்தப் பக்கம் அவர் மனைவியின் மெஷின். அவள் தைப்பது சட்டை, பாவாடை, பள்ளிக்கூடச் சீருடை. இரண்டு மெஷினும் ஒரே நேரத்தில் ஓடினால் மாடிவீட்டுக்காரர்களின் தட்டில் இருக்கும் கரண்டி தானாகவே நடந்துபோய் விளிம்பைத் தாண்டிக் கீழே குதிக்கும்.

ஒரே மகள். நர்ஸிங் கடைசி வருஷம். அப்பாவின் கை அவளுக்கு வந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் விரித்த விரிப்பைப் பார்த்து நோயாளியே படுக்கத் தயங்குவார் என்று சொல்வார்கள். வார்டைக் கவனிக்கிற பெரிய சிஸ்டர் யாரையும் பாராட்டி யாரும் கேட்டதில்லை. அந்த அம்மாளே ஒருமுறை அந்த விரிப்பைப் பார்த்து "ம்" என்றிருக்கிறார்.

ஆனால் அதே சிஸ்டருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. வார்டு வாசலில், கடிகாரத்துக்கு நேர் கீழே நிற்பார். காலை முறை தொடங்கியபின் உள்ளே கால் வைத்தால் தாமதம். மூன்று தாமதம் ஆனால் அந்த வார்டில் அதுவரை பார்த்த வேலை முழுக்கச் செல்லாது, மறுபடி ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டும். தோழிகள் எல்லோரும் தேர்வு எழுதி வேலைக்குப் போய்விடுவார்கள். இவள் மட்டும் அடுத்த கூட்டத்தோடு உட்கார வேண்டியதுதான். காலை முறையோ முதல் பேருந்து கிளம்புவதற்கு முன்பே தொடங்கிவிடும். ஆகவே மகளின் படிப்பு மொத்தமும் அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது. அந்த சீட்டுக்கும் அவரே உறை தைத்திருந்தார். பிரேக் பிடித்தால் மகள் வழுக்கி வந்து அப்பா முதுகில் மோதுவாள்.

வண்டி உதைத்துக் கிளப்புகிற வகை. பல வருஷம் ஒழுங்காகத்தான் ஓடியது. ஒரு மழை நாளில் நடுத்தெருவில் நின்றுபோனது. மெக்கானிக் டேங்கைக் கழற்றி, துருப்பிடித்த இணைப்பை வெட்டி, கம்பிகளை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி ஓட வைத்துக் கொடுத்தான். வேலை சுத்தம். பார்வைக்குத்தான் சகிக்கவில்லை. டேங்குக்கு அடியில் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று கம்பிகள் காக்கைக் கூடு மாதிரி திமிறிக்கொண்டிருந்தன.

சுருக்கத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"மேலதான் டேங்க் மூடிடுதே, யார் பார்க்கப் போறாங்க?" என்றாள் மனைவி.

"நான் பார்த்துட்டேனே," என்றார்.

அடுத்த விடுமுறை நாளில் டேங்கைக் கழற்றினார். கம்பிகளைச் சிக்கெடுத்து, தலைவாரி விடுவதுபோல் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாகப் படியவைத்தார். விளக்கில் தொடங்கி, ஹேண்டில் திரும்புகிற கழுத்து வழியாக, டேங்குக்கு அடியில் ஓடி, சீட்டுக்குக் கீழே முடிகிற மாதிரி நல்ல ரெக்சினில் ஒரு நீள உறை தைத்தார். மெழுகு தேய்த்த நூல், இரட்டைத் தையல், ஓரத்தில் உருட்டித் தைத்த பைப்பிங் கரை. இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்துக் கட்டினார். விரலால் சுண்டினால் வீணைத் தந்திபோல் ஓசை வந்தது. உள்ளங்கையால் தடவினார். மடிப்பு இல்லை.

மெக்கானிக் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு தொட்டான். "அண்ணே, வண்டி செஞ்ச கம்பெனிக்காரன் பார்த்தா வெக்கப்படுவான்ணே."

"இதோ பாரு தம்பி, வண்டில எதை வேணா கழட்டு. இதுல மட்டும் கத்தி வைக்காத."

"எனக்கே மனசு வராதுண்ணே," என்றான் மெக்கானிக். அந்த நல்ல மனசுதான் பின்னால் எல்லோரையும் படுத்தியது.

சில வாரம் ஒரு குறையும் இல்லை. அதற்கப்புறம் ஒருநாள் காலையில் வண்டி கிளம்ப மாட்டேன் என்றது.

வண்டி நிற்கிற இடத்தைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கும் மாடிப்படிக்கும் நடுவில் ஒரு சந்து. அதில் வண்டியை நிறுத்தினால், ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்க ஒடித்துச் சுவரோடு சாய்த்தால்தான் மாடிவீட்டுக்காரர்கள் இறங்கிப் போக முடியும். இல்லையென்றால் மாடிவீட்டு அம்மாள் படியில் நின்று, யாரையும் குறிப்பிடாமல், மனிதகுலம் முழுவதையும் திட்டுவார். அந்தச் சந்திலேயே, அப்படியே உட்கார்ந்து, மகள் ஷூ மாட்டுகிற நேரத்துக்குள் வண்டியைக் கிளப்பிச் சூடாக்கி வைப்பது அவர் வழக்கம்.

அன்று உதைத்தார், உதைத்தார், கால் ஓய உதைத்தார். சாவியைத் திருப்பினால் விளக்கு எரிந்தது. ஹாரன் தெருநாயை எழுப்பியது. என்ஜின் மட்டும் உம் என்றுகூடச் சொல்லவில்லை.

"அப்பா, நேரமாச்சு."

"இரு கண்ணு. பெட்ரோல் இன்னும் இறங்கலை."

"நேத்து நைட்டே இறங்கியிருக்குமே."

வெளியே உருட்டி வந்து, பக்க ஸ்டாண்டு போட்டு, முழு எடையும் காலில் போட்டு மிதித்தார். ஹேண்டில் தன்பாட்டுக்கு இடப்பக்கம் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. வண்டியும் அதோடு சேர்ந்து தூங்கியது. கடைசியில் அந்த வழியாக வந்த பால் வண்டியில் மகளை ஏற்றிவிட்டார். கேன்களுக்கு நடுவில், வெள்ளைச் சீருடையில், அவளும் ஒரு கேன் மாதிரி நின்றுகொண்டு போனாள். வழியில் எல்லா வீட்டுக்கும் பால் ஊற்றிவிட்டுத்தானே அது போகும். முதல் தாமதம்.

அவர் வண்டியை மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். மெக்கானிக் நடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, ஏறி உட்கார்ந்து, ஹேண்டிலை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து ஒரே உதை. வண்டி பூனைக்குட்டி போலக் கொஞ்சியது.

"என்னண்ணே, நல்லாத்தானே இருக்கு?"

"வீட்ல செத்துக் கிடந்துச்சுப்பா."

"அப்ப உங்க காலுதாண்ணே."

"என் காலு முப்பது வருஷமா மெஷின் மிதிக்கிற காலு."

"அது தையல் மெஷின்ணே," என்றான் மெக்கானிக், சமாதானமாக.

பிளக்கை மாற்றினான். அன்று மாலை வீட்டுக்கு வந்து, வண்டியைச் சந்தில் சாய்த்து, சந்தேகத்துக்கு ஒரு உதை உதைத்துப் பார்த்தார். கிளம்பவில்லை. மறுபடி தள்ளிக்கொண்டு போனார். மறுபடி ஒரே உதை. காயிலை மாற்றினான். கார்புரேட்டரைக் கழற்றி, பல் தேய்க்கிற மாதிரி தேய்த்தான். பெட்ரோலை வடித்துப் புதிதாக ஊற்றினான். ஒவ்வொரு தடவையும் அவன் கடையில் வண்டி கைகட்டி நிற்கும் நல்ல பிள்ளை, வீட்டு வாசல் வந்தால் வாயில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். பல்வலி என்று போனால் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்ததும் வலி மறைகிற கதைதான். இவருடைய வண்டிக்கு மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தாலே குணமாகிவிடும். சில நாட்களில் தெருவிலும் கிளம்பியது. ஆனால் பக்கத்துக் குறுகலான முனையில் இடப்பக்கம் வளையும்போது ஒரு விக்கல் விக்கும். பெட்ரோலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்று பங்க்காரனைத் திட்டுவார்.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மனைவியின் தம்பி போன் ரிப்பேர் கடையில் வேலை செய்பவன். அவன் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, நிமிர்ந்து, போனுக்குச் சொல்வதையே சொன்னான்.

"மாமா, ஈரம் இறங்கியிருக்கும். அரிசி டின்னுல போட்டு வைங்க."

"வண்டியையா?"

"பெரிய டின்னா பாருங்க."

அவர் அவனை விரட்டினார். ஆனால் ஈரம் என்ற சொல் மட்டும் மனதில் தங்கிவிட்டது. சந்தில் சுவர் ஓதம் அடிப்பது உண்மைதான். உடனே ரெக்சினை விரித்து, வண்டிக்கு முழு அளவில் ஒரு மேலுறை தைத்தார். வாலிலிருந்து தலைவரை, கண்ணாடிகளுக்குத் தனித்தனிக் காதோடு. மாட்டிவிட்டால் வண்டி புதிதாக வாங்கிய சோபா மாதிரி இருக்கும். ஒருநாள் மாடிவீட்டு அம்மாளைப் பார்க்க வந்த ஒரு கிழவர் அதன்மேல் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். உறை அவ்வளவு இறுக்கம். அதை மாட்ட ஹேண்டிலை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் ஒடிக்க வேண்டியிருந்தது.

உறை மாட்டிய பிறகு வண்டி, முன்பு எப்போதாவது கிளம்பியதையும் விட்டுவிட்டது.

இரண்டாவது தாமதத்தன்று மகள் பாதி வழி ஓடி, மீதி வழி யாரோ ஒரு குழாய் ரிப்பேர்காரரின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, மடியில் அவருடைய பைப் கட்டோடு போய்ச் சேர்ந்தாள். சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். பேசவில்லை. அந்த அம்மாள் பேசினால்கூடப் பரவாயில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"இன்னொரு தடவைன்னா அவ்ளோதான்ப்பா. என் கூட்டாளிங்க எல்லாம் பாஸாகி எனக்கே சீனியரா வந்து நிப்பாளுங்க."

"விடு கண்ணு. நாளைலேர்ந்து நான் இன்னும் சீக்கிரமா எழுந்து உதைக்கிறேன்."

"நீங்க சீக்கிரம் எழுந்தா வண்டியும் எழுந்திருக்குமா?"

அவர் ரெக்சின் சுருளை எடுத்து, பிரித்து, மறுபடி சுருட்டி வைத்தார். பேச்சு வராத மனிதரைப் பார்க்க மனைவிக்கே பயமாக இருந்தது.

மறுநாள் வண்டியை மெக்கானிக்கிடமே விட்டார். "உன்கிட்டயே ஒரு வாரம் இருக்கட்டும். தினம் காலையில கிளப்பிப் பாரு. எப்ப மக்கர் பண்ணுதோ அப்பவே கையும் களவுமா புடி." அந்த வாரம் மகளுக்குப் பகல் முறை, பேருந்தில் போனாள். மெக்கானிக் தினமும் காலையில், நடு ஸ்டாண்டில், நேராக உட்கார்ந்து உதைத்தான். தினமும் முதல் உதையில் கிளம்பியது. அக்கம்பக்கத்து வண்டிகள் எல்லாம் அதைப் பார்த்துத் திருந்த ஆரம்பித்துவிட்டன என்று அவன் சத்தியம் செய்தான்.

வாரக் கடைசியில் வந்து கேட்டார். "கம்பி எதுனா விட்டுப்போயிருக்குமா தம்பி?"

மெக்கானிக் டேங்கைத் தூக்கி, அந்த ரெக்சின் உறையைப் பார்த்தான். நேராக, வழுவழு என்று, ஒரு நெளிவு இல்லாமல் கிடந்தது. "இதுக்குள்ள ஒரு எறும்பு போக முடியுமாண்ணே? பிரிச்சுப் பார்க்கணும்னா பார்க்கலாம். ஆனா…"

"வேணாம் வேணாம்," என்றார் அவர், தன் குழந்தைக்கு ஊசி போடக் கேட்டதுபோல. "அது நல்லாத்தான் இருக்கு."

நல்லாத்தான் இருந்தது. அதுதான் சங்கடம். அசிங்கமாக ஒரு டேப் தொங்கியிருந்தால் இருவரும் முதல் நாளே அதைப் பிடித்து உலுக்கியிருப்பார்கள்.

மறுபடி காலை முறை வந்தது. முதல் நாளே அவர் இருட்டு பிரிவதற்கு முன் எழுந்தார். மேலுறையை உரித்தார். சந்தில் உட்கார்ந்தார். சாவி, விளக்கு, ஹாரன், எல்லாம் உண்டு. உதைத்தார். இல்லை.

காலை மாற்றி உதைத்தார். இல்லை. கெஞ்சினார். இல்லை. வண்டியின் தாயாரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். மாடியில் ஒரு ஜன்னல் சாத்திக்கொண்டது. மிதிகட்டை வழுக்கித் திரும்பி வந்து கணுக்காலில் விட்ட அடியில் அவர் ஒற்றைக் காலில் சந்து முழுக்கச் சுற்றி வந்தார். எரிச்சலில் வண்டியின் பக்கவாட்டை ஓங்கி ஒரு குத்து குத்தினார். அது உலோகம், இது கை. எது வென்றிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மகள் வாசலில் நின்று பார்த்தாள். வெள்ளை ஷூவைக் கழற்றிப் பையில் போட்டாள். ரப்பர் செருப்பை மாட்டினாள். பையை முதுகில் இறுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.

"கண்ணு, நில்லும்மா. இதோ கிளம்பிடும்."

"கிளம்பினா வழியில ஏத்திக்கோங்க," என்று திரும்பாமலேயே சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் மறுபடி உதைத்தார். அப்போதுதான் மனைவி வந்தாள். கழுத்தில் அளவு நாடா, மார்பில் வரிசையாகக் குண்டூசி. பொழுது விடிவதற்குள் முடிக்க வேண்டிய சீருடை ஒன்றை மெஷினில் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"நான் பிடிச்சுக்கிறேன், நீங்க உதைங்க," என்று முன்னால் வந்து ஹேண்டிலைப் பிடித்தாள். குனிந்த முகத்துக்கு நேராக வண்டியின் கழுத்து. அங்கே அந்த உறை. அவள் கண் அதிலேயே நின்றது.

"ஏங்க, இது என்ன இப்படி இழுக்குது?"

"எது?"

"உங்க உறைதான். பாருங்க, இங்கிருந்து இங்க வரைக்கும் கோடு கோடா சுருக்கம்."

சுருக்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் உதைப்பதை நிறுத்தினார். "என் தையல்லயா?"

"நீங்களே பாருங்க."

குனிந்து பார்த்தார். ஹேண்டில் இடப்பக்கம் ஒடிந்திருக்க, உறை கழுத்தைத் தாண்டுகிற இடத்தில் ரெக்சின் வெளுத்து, கயிறு முறுக்கினாற்போல் விறைத்து, கதிர் கதிராக மடிப்பு விழுந்திருந்தது. தான் தைத்த எதையும் அவர் இப்படிப் பார்த்ததே இல்லை.

"தைக்கும்போது ஹேண்டில் எப்படி இருந்துச்சு?"

"நேராத்தான். பின்ன என்ன, கோணலா வெச்சா தைப்பாங்க?"

"அக்குள் பிடிக்குதுங்க."

"வண்டிக்கு ஏதுடி அக்குள்?"

"நீங்க தைக்கிறதெல்லாம் வெச்ச இடத்துல உக்காந்திருக்கும். நான் தைக்கிறது எழுந்து நடக்கும், குனியும், கையைத் தூக்கும். கை தூக்குற இடத்துல தளர்வு விடாம இறுக்கித் தைச்சா என்ன ஆகும்?"

"தையல் பிரியும்."

"உங்க தையல் பிரியாது. ரெட்டைத் தையல், மெழுகு நூலு. அப்ப எது பிரியும்?"

அவர் அந்த மடிப்பை விரலால் அழுத்திப் பார்த்தார். அவள் ஹேண்டிலை நேராக்கினாள். ரெக்சின் மடிப்பெல்லாம் மாயமாக மறைந்து வழுவழு என்றானது. மெக்கானிக் கடையில் எல்லோரும் பார்த்தது அந்த முகத்தைத்தான்.

"இப்ப உதைங்க."

ஒரே உதை. வண்டி உறுமியது. சந்து முழுக்கப் புகை.

அவள் ஹேண்டிலை மெதுவாக இடப்பக்கம் திருப்பினாள். கடைசி அங்குலத்தில் வண்டி விக்கி, அடங்கியது. நேராக்கினாள். உதைத்தார். உறுமியது. திருப்பினாள். அடங்கியது. வீட்டுக்கு ஆகாமல், கடைக்கு மட்டும் நல்ல பிள்ளையாக இருந்து, பிளக்கையும் காயிலையும் தின்று, அவர் காலையும் கணுக்காலையும் ஒடித்த பேய், ஒரு பெண்பிள்ளையின் கையில் இருந்துகொண்டு இடம் என்றால் செத்தது, நேர் என்றால் பிழைத்தது.

"பிரிச்சுடறேன்," என்றார். "இப்பவே பிரிச்சு, கம்பியை ஒட்டிட்டு…"

"நீங்க ஒட்டி முடிக்கிறதுக்குள்ள அவ அடுத்த வருஷம் பாஸாயிடுவா. கிளம்புங்க. ஒடிச்சு மட்டும் திருப்பாதீங்க. இடது பக்கமே போகாதீங்க." மெஷின் மேஜையிலிருந்து கொண்டுவந்த நூல் கத்தரியை அவர் சட்டைப் பையில் போட்டாள். "அவளை விட்டுட்டு வந்து பிரிங்க."

சந்திலிருந்து நேராக வெளியே. தெருமுனையில் இடப்பக்கம் போக வேண்டும். அதுதான் அந்தக் குறுகலான முனை. அவர் வலப்பக்கம் போனார். அடுத்த முனையிலும் வலம். அதற்கடுத்ததிலும் வலம். மூன்று வலம் போட்டால் ஒரு இடம் வரும் என்பது கணக்கில் சரிதான். தெருவில் போய்ப் பார்த்தால் எதிரே குப்பை வண்டி, காய்கறி மூட்டை, நடுவீதியில் நிற்கிற மாடு எல்லாம் வரும். ஒருவழியாக மகளைப் பிடித்தபோது அவள் மூச்சு வாங்க ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஏறு, ஏறு. நிறுத்த முடியாது."

ஓடி ஏறினாள். "அப்பா, ஏன் இந்தப் பக்கம் போறீங்க? ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்."

"இடது பக்கம் திரும்பக் கூடாது."

"யார் சொன்னது?"

"உங்கம்மா."

"அம்மா எப்ப டிராஃபிக் போலீஸ் ஆனாங்க?"

"கம்பி அறுந்திருக்கு கண்ணு. உறைக்குள்ள. நான் இறுக்கித் தைச்சதுல." இதைச் சொல்ல அவருக்கு ஒரு தெருவளவு நேரம் பிடித்தது.

மகள் பின்சீட்டில் உட்கார்ந்து திருப்பங்களை எண்ணிக்கொண்டு வந்தாள். பிறகு, "வலது, வலது, வலது. அப்பா, இந்த மாட்டை நாம ஏற்கனவே பார்த்துட்டோம்," என்றாள்.

பெரிய சாலையில் கவலை இல்லை. அகலமான வளைவில் ஹேண்டில் அவ்வளவு ஒடியாது. அவர் உடம்பை மட்டும் சாய்த்து, கழுத்து சுளுக்கிய ஆள் போல விறைப்பாக ஓட்டிக்கொண்டு போனார். ஊரைச் சுற்றி வலம் வந்ததில் அவர் வாழ்நாளில் பார்க்காத நான்கு சந்துகளை அன்று பார்த்தார். அதில் ஒன்று முடிந்த இடத்தில் ஒரு வீட்டின் சமையலறைக்குள்ளேயே போய்விட்டு, அடுப்படியில் நின்ற அம்மாளுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே வந்ததாகவும் கேள்வி. அந்தப் பின்வாசலும் வலப்பக்கம்தான் இருந்ததாம்.

கடைசியில் ஆஸ்பத்திரி வாசல். அது இடப்பக்கம். சாலைக்கும் வாசலுக்கும் நடுவில் தடுப்புக் கம்பம், ஒடித்துத் திருப்பாமல் உள்ளே போக வழியே இல்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார். வாசலில் பாதி, சாலையில் பாதியாக வண்டி செத்தது.

"இறங்கு. ஓடு."

அவள் இறங்கும்போதே ஓடிக்கொண்டிருந்தாள். ரப்பர் செருப்பைக் கையில் எடுத்து, ஒரு காலில் ஷூவைத் திணித்து, மறுகாலுக்கு நொண்டியடித்துக்கொண்டே படியேறி மறைந்தாள்.

காவலாளி விசிலோடு வந்தார். "யோவ், ஆம்புலன்ஸ் வர்ற வழி இது. எடுய்யா வண்டியை."

"எடுக்கிறேன், எடுக்கிறேன்."

ஹேண்டிலை நேராக்கினார். உதைத்தார். கிளம்பியது. ஓரம் கட்ட இடப்பக்கம் திருப்பினார். செத்தது. நேராக்கினார். கிளம்பியது. திருப்பினார். செத்தது. காவலாளி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னய்யா, கண்ணாமூச்சி ஆடுறியா?"

"அதுதான் ஆடுது," என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளியே மதிலோரம் நிறுத்தினார். பிறகு கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். எந்த மாடி, எந்த ஜன்னல் என்று அவருக்குத் தெரியும். திரை மூடியிருந்தது. உள்ளே போய்க் கேட்க முடியாது. கேட்டாலும் யாரைக் கேட்பது, கடிகாரத்துக்குக் கீழே நிற்கிற அந்த அம்மாளையா?

நின்றார். காவலாளி இரண்டு முறை வந்து போனார். ஒரு ஆம்புலன்ஸ் வந்தது. ஒரு தேநீர்க்காரர் கேட்காமலேயே ஒரு கோப்பையை நீட்டினார். வாங்கிக்கொண்டு குடிக்க மறந்து கையில் வைத்திருந்தார்.

ஜன்னல் திரை விலகியது. மகள். கையில் மடித்த படுக்கை விரிப்பு. கீழே பார்த்தாள், அப்பாவைக் கண்டாள், தலையை மேலும் கீழும் ஒரே ஒரு அசைப்பு அசைத்தாள். விரிப்பை இரு கையாலும் உதறி, போங்கள் என்பதுபோல் வெளிப்பக்கம் காட்டினாள். அவள் பின்னால் ஒரு வெள்ளைத் தொப்பி நகர்ந்தது. திரை மூடிக்கொண்டது.

அவர் ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். மதிலோரத்தில் உட்கார்ந்து, டேங்கின் திருகுகளை வண்டியில் கிடந்த ஸ்பேனரால் திட்டித் திட்டிக் கழற்றி, நூல் கத்தரியை எடுத்தார். முதல் தையலின்மேல் கத்தரியை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் வெட்டாமல் இருந்தார். மெழுகு நூல். இரட்டைத் தையல். தையல் ஒவ்வொன்றும் அரிசி மணிபோல ஒரே அளவு. வெட்டினார்.

உள்ளே பச்சைக் கம்பி. மேல்தோல் முழுசாக இருந்தது. மெல்ல இழுத்தார். ரப்பர் போல நீண்டது, உள்ளே செம்பு இல்லை. கழுத்துக்கு நேராக அறுந்து, வண்டி நேராக நிற்கும்போது மட்டும் இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருந்தது.

காவலாளி எட்டிப் பார்த்தார். "எலி கடிச்சிருக்கா?"

"இல்ல. நான்தான்."

"நீயா கடிச்ச?"

"தைச்சேன்யா. அதுவும் இதுவும் ஒண்ணுதான்."

காவலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாத விஷயத்துக்கு அனுதாபப்படுவதில் அவருக்குத் தயக்கம் இல்லை. "ஹேண்டிலை நேரா வெச்சு உதைச்சா கிளம்புதே. ஓட்டிட்டுப் போயேன், எதுக்குத் தள்ளணும்?"

கிளம்பும்தான். ஒரே உதையில் கிளம்பும். வலப்பக்கமாகவே சுற்றிக்கொண்டு மெக்கானிக் கடைக்குப் போய்விடவும் முடியும். அவர் டேங்கை மேலே வைத்தார், கத்தரியைப் பையில் போட்டார், ஹேண்டிலைப் பிடித்தார். பிரிந்த உறை ஒரு பக்கம் தொங்க, கம்பிகள் மறுபடி காக்கைக் கூடாகப் பிதுங்கிக்கொண்டிருந்தன. அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெயில் ஏறுகிற சாலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார். இத்தனை நாள் செய்ததற்கு, அன்றைக்கு அதன்மேல் ஏறி உட்காருகிற அளவுக்கு அவருக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை இல்லை.